ஒரு கண் பார்க்க, ஒரு கண் அழகுக்கு

என் மகள் கோதை முதன்முதலாக முகம் பார்த்துச் சிரித்தபோது, நானும் என் மைத்துனன் முருகனும் தொட்டிலுக்கு முன்னால் அரை முழ இடைவெளியில் நின்றுகொண்டிருந்தோம். அவளுக்கு அப்போது நாலு மாதம் முடிந்திருந்தது.

"என்னையப் பாத்துச் சிரிக்கா மச்சான்" என்றான் அவன்.

"ஏலே, பெத்தவன் நான் நிக்கேன். ஒன்னைய எதுக்குலே பாக்கணும்?" என்றேன்.

இரண்டு பேரும் இடம் மாறி நின்று பார்த்தோம். வழக்கு தீரவில்லை. என் மனைவி கோமதி அடுப்படியிலிருந்து வந்தாள். குனிந்து பிள்ளையைப் பார்த்தாள். "ரெண்டு பேரையும் பாக்கல. அவ மூக்க அவளே பாக்கா" என்றாள்.

அதுதான் சரியான தீர்ப்பு. இரண்டு கண்மணிகளும் மூக்கை நோக்கி ஒதுங்கியிருந்தன. நோயின் முதல் அறிகுறியை நாங்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டேதான் கண்டுபிடித்தோம்.

மாறுகண் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் தாய் தகப்பனுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். மருத்துவ விஷயத்தில் ஏதாவது தவறாகச் சொல்லியிருந்தால் அது என் தவறு, எனக்குச் சொல்லித்தந்த டாக்டரின் தவறு அல்ல.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும்.

ராஜபாளையத்தில் பிறந்தேனே தவிர, அங்கே இருந்த நாட்கள் குறைவு. கல்யாணத்துக்கு முன் ஒன்பது வேலை பார்த்திருந்தேன். லாரி கிளீனராக ஆந்திரா வரை போனேன். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பலகையைத் தட்டி "வரட்டும், வரட்டும்" என்று சொல்ல வேண்டியது கிளீனர். குண்டூரில் நான் "வரட்டும்" சொன்ன ஒரு லாரி, இட்லிக் கடைக்குள் பாதி வந்துவிட்டது. பூனா பக்கம் ஒரு கடையில் டீ ஆற்றினேன். பாதி டீ டம்ளரில் விழும், பாதி என் பாதத்தில் விழும். போர்வெல் வண்டியில் குழாயோடு குழாயைச் சேர்க்கும் இடத்தில் நின்றேன். மற்றவர்கள் ஒரே வீச்சில் பொருத்துவார்கள். நான் இருட்டில் சாவித் துவாரம் தேடுகிறவனைப் போலத் துழாவுவேன். பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோதும் போனேன். நெஞ்சளவிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கண் சோதனை வரிசை வரைக்கும் போகவில்லை.

ஒவ்வொரு வேலையும் ஏதோ ஒன்று கொட்டியோ இடித்தோ முடியும். நானும் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவேன். "அவனுக்குக் கால்ல சக்கரம்" என்று ஊரில் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கோதை பிறந்தாள். கோமதிக்கு நூல் மில்லில் வேலை. எனக்கு அப்போது வேலையில்லை. ஆகவே பிள்ளையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாயிற்று.

கண் விஷயத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. ஒன்று முருகன் கட்சி. அவன் சத்திரப்பட்டியில் நாலு விசைத்தறி போட்டு, ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்குக் கட்டும் காஸ் துணி நெய்கிறவன். மாறுகண் அதிர்ஷ்டம் என்பது அவன் நம்பிக்கை. புதுத் தறி இறக்கிய அன்று, பிள்ளையைத் தூக்கிப் போய்த் தறியின் முன்னால் அரை மணி நேரம் வைத்திருந்தான். பிள்ளை தன் மூக்கைப் பார்த்தபடி இருந்தது. அந்த மாதம் அவன் சரக்கு முதன்முதலாகக் கப்பலேறியது. அதற்குப் பிறகு அவனோடு பேசமுடியவில்லை.

இன்னொரு கட்சி என் மாமனார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பயிற்சி கொடுத்தால் எந்த உறுப்பும் கட்டுப்படும் என்பது அவர் கொள்கை. தொட்டிலுக்கு முன்னால் விறைப்பாக நின்று, "தாயினே தேக்!" என்று அதட்டுவார். அணிவகுப்பில் வலப்பக்கம் பார்க்கச் சொல்லும் கட்டளை அது. பிள்ளை வீறிட்டு அழும்.

"அதுக்குத் தமிழே தெரியாது. நீங்க இந்தில சொன்னா எப்பிடிப்பா பாக்கும்?" என்பாள் கோமதி.

"கட்டளைக்குப் பாஷை கெடையாதும்மா" என்பார் அவர்.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது, ஊசி போட்ட நர்ஸ் கையிலிருந்த டார்ச்சைப் பிள்ளையின் முகத்துக்கு நேராக அடித்தார். கண்ணில் தெரியும் வெளிச்சப் புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் விழ வேண்டுமாம். கோதைக்கு அப்படி விழவில்லை.

"வளந்தா சரியாயிரும்னு யாரும் சொன்னாகளா?" என்று கேட்டார்.

"எல்லாரும் சொன்னாக."

"அவுகள்ல யாரும் கண் டாக்டரா?"

அடுத்த வாரம் மதுரைக்குப் போனோம்.

பெரிய கண் ஆஸ்பத்திரி. நடைபாதை முழுக்கப் பிள்ளைகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு வாய்த்த டாக்டரம்மா, சிரிக்காமலே வேடிக்கையாகப் பேசுகிறவர். ஆஸ்பத்திரிகளில் நமக்குப் பெயர் கிடையாது. நான் 'அப்பா', கோமதி 'அம்மா'.

"அப்பா, கண்ணு ரெண்டு. மூளை ஒண்ணு. ரெண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்த்தாத்தான் மூளை ரெண்டு படத்தையும் ஒட்டி ஒண்ணாக்கும். அப்பத்தான் எது கிட்ட இருக்கு, எது தூரத்துல இருக்குன்னு சரியாத் தெரியும். இவளுக்குக் கண்ணு ஆளுக்கொரு பக்கம் பார்க்குது. மூளை குழம்பி, 'எனக்கு ஒரு கண்ணு போதும்'னு ஒண்ணை ஒதுக்கிடும். அதுக்கப்புறம் கண்ணு நேரா நின்னாலும் அதுக்குப் பார்க்கத் தெரியாது."

"எப்ப ஒதுக்கும்?" என்று கோமதி கேட்டாள்.

"அதுக்குத் தேதி கிடையாதும்மா. ஆனா ரெண்டு வயசுக்குள்ள நேராக்கிட்டா வாய்ப்பு நிறைய. நாள் போகப் போகக் குறையும்."

வீடு திரும்பும்வரை கோமதி விரல்விட்டு மாதங்களை எண்ணிக்கொண்டே வந்தாள். எங்கள் கவலையெல்லாம் இதுதான்: இரண்டு வயதுக்குள் இரண்டு கண்ணும் ஒன்றாகப் பார்க்கக் கற்றுக்கொள்ளுமா, இல்லை ஒரு கண் வெறுமனே முகத்தில் இருக்குமா.

இரண்டு வழி இருந்தது. ஒன்று அறுவை சிகிச்சை. இன்னொன்று அப்போது புதிதாகச் செய்யத் தொடங்கியிருந்த ஊசி. பொட்டுலினம் என்று பெயர் (கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு கிருமியின் விஷம், மிக மிகச் சிறிய அளவில் செலுத்தினால், போட்ட தசை சில மாதம் தளர்ந்துகிடக்கும்). கண்ணை மூக்குப் பக்கம் இழுக்கும் தசை முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதற்குள் ஊசி போட்டால் பிடி தளரும். கண் நடுவுக்கு வரும். கத்தி வேண்டாம் என்பதால் ஊசிக்குச் சம்மதித்தோம்.

டாக்டரம்மா என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். "ஊசி போட்டு ரெண்டு மூணு நாள்ல இமை தொங்கும். கண்ணு வெளிப்பக்கம் போகும், காதைப் பார்க்கிற மாதிரி. பயப்படக் கூடாது. சில வாரத்துல இறங்கி நடுவுக்கு வரும். வீட்டுல எல்லார்கிட்டயும் இதைச் சொல்லிடுங்க, அப்பா."

நான் வீட்டில் எல்லாரிடமும் சொன்னது: "ஒரே ஊசி. முடிஞ்சுது ஜோலி."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. ஒன்பது வேலையைக் கெடுத்தவன், ஒரு காரியத்தையாவது ஒழுங்காக முடித்ததாகக் காட்ட ஆசைப்பட்டிருப்பேன்.

மயக்க மருந்து கொடுத்து ஊசி போட்டார்கள். வேலை சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் காலை கோதை தொட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். இமைகள் இரண்டும் பாதி மூடிக் கிடந்தன. அதற்குக் கீழே வலது கண் வலது காதையும், இடது கண் இடது காதையும் பார்த்தன. கள் குடித்துவிட்டுச் சண்டைக்கு ஆள் தேடுகிறவரின் தோற்றம்.

மாமனார் வந்து பார்த்தார். பிறகு, "மாப்ள, ஓவர்ஷூட் ஆயிட்டு" என்றார். பீரங்கிக் குண்டு இலக்கைத் தாண்டி விழுந்தால் சொல்லும் சொல்லாம்.

முருகன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "நல்லா மூக்கப் பாத்துக்கிட்டு இருந்த பிள்ளய, காதப் பாக்க வச்சுட்டாகளே மச்சான்! வெசத்தப் போயி கண்ணுல ஊத்துவாகளா?"

கோமதி என்னை மட்டும் பார்த்தாள். "இப்பிடி ஆகும்னு ஒங்ககிட்டச் சொன்னாகளா, சொல்லலையா?"

"சொன்னாக."

"எம்புட்டுச் சொன்னாக?"

"அம்புட்டும் சொன்னாக."

அன்றிலிருந்து டாக்டர் சொல்வதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வாங்கிவர வேண்டும் என்று உத்தரவானது. உங்களுக்கும் அதையே சொல்கிறேன். டாக்டர் சொல்வதில் பிடித்த பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துவராதீர்கள்.

சில வாரம் கழித்து இமை ஏறியது. கண்களும் நடுவுக்கு வந்தன. நேராக நின்ற இரண்டு கண்ணோடு கோதையை அப்போதுதான் முதலில் பார்த்தோம். கோமதியின் சாயல் என்று அன்றுதான் தெரிந்தது. அதுவரை பிள்ளை யார் சாயல் என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

ஆனால் ஊசியின் வேகம் தீர்ந்ததும் இடது கண் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திரும்பியது. சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகுமாம். அறுவை சிகிச்சை செய்யலாம், ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது என்றார் டாக்டரம்மா. இடது கண்ணை மூளை ஒதுக்கத் தொடங்கிவிட்டது. சோம்பேறிக் கண் என்று பெயர் (கண்ணில் கோளாறு இல்லை; மூளை அதை உபயோகிக்காததால் பார்வை மங்கிப்போகும் நிலை). நன்றாகப் பார்க்கும் வலது கண்ணைத் தினம் நாலு மணி நேரம் கட்டிவிட வேண்டும். வேறு வழியில்லாமல் இடது கண் வேலை செய்யும். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

நோட்டில் எழுதி வாங்கினேன்: 'நல்ல கண்ணைக் கட்டவும்.'

ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒட்டும் பட்டை பிள்ளையின் கன்னத்தைப் புண்ணாக்கியது. அப்போது முருகன் எழுந்தான். ஊசிக்கு எதிர்க்கட்சியாக இருந்தவன், கட்டு என்றதும் ஆளும் கட்சிக்கு வந்துவிட்டான்.

"கட்டுத் துணிக்கா பஞ்சம்? ஒலகத்துக்கே கட்டுத் துணி நம்ம ஊர்லேருந்துதான மச்சான் போகுது. வெளிநாட்டுச் சரக்குலயே தச்சுத் தாரேன்."

காஸ் துணியை நாலு மடிப்பு மடித்து, முட்டை வடிவில் வெட்டி, நாடா வைத்துத் தைத்துக் கொண்டுவந்தான். வலது கண்ணுக்கென்றே அளவெடுத்தது. வெள்ளை வெளேரென்று அழகாக இருந்தது. பிள்ளைக்குக் கட்டும் முன் நானே சோதித்தேன். என் வலது கண்ணில் அதைக் கட்டி, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"பக்காவா இருக்குலே" என்றேன். முருகன் பூரித்துப்போனான்.

நேரம் சொல்லி ஊதும் மில் சங்கு எங்கள் தெருவுக்குக் கேட்கும். காலை எட்டு மணிச் சங்குக்குக் கட்டுவேன். பன்னிரண்டு மணிச் சங்குக்கு அவிழ்ப்பேன். ஒருநாள் தப்பவில்லை. ஆஸ்பத்திரியில் மற்றப் பிள்ளைகள் கட்டைப் பிய்த்து எறிந்து ஊரைக் கூட்டின. கோதை அழவே இல்லை. கட்டோடு ஓடினாள், விளையாடினாள், எறும்பைக்கூடப் பிடித்தாள். தங்கமான பிள்ளை என்று மூன்று மாதம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா கோதையின் இடது கண்ணைக் கையால் மறைத்தார். பிள்ளை பொம்மையைப் பார்த்துச் சிரித்தது. வலது கண்ணை மறைத்தார். வீறிட்டு, கையைத் தட்டிவிட்டது.

"இடது கண்ணு இருந்த இடத்திலேயே இருக்கே. கட்டினீங்களா அப்பா?"

"சங்குக்குச் சங்கு கட்டுனேன் டாக்டர்."

"அழுதாளா?"

"அழவே இல்ல. தங்கமான பிள்ளை."

"அதான் எனக்குச் சந்தேகம். கட்டை எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் தன் ஒரு கண்ணில் வைத்து, மறு கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தார். நிதானமாக வாசித்தார். "'இங்கே எச்சில் துப்பாதீர்கள்.' நல்லாத் தெரியுதே. இது கட்டு இல்லை அப்பா. ஜன்னலுக்குப் போடுற கொசுவலை."

காஸ் துணி காற்றோட்டத்துக்காக இடைவெளி விட்டு நெய்வது. புண் ஆறுவதற்கு ஏற்ற துணி. கோதை மூன்று மாதமும் அதன் வழியாக வலது கண்ணாலேயே உலகத்தைப் பார்த்திருக்கிறாள்.

என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. "இல்ல டாக்டர், நான் போட்டுப் பாத்தேன். காலண்டர்ல ஆண்டாள் படம்கூடத் தெரியல."

"இப்பப் போட்டுப் பாருங்க."

வலது கண்ணில் வைத்தேன். இடது கண்ணைப் பொத்தினேன். "இந்தா, ஒண்ணும் தெரியல" என்றேன், ஜெயித்த குரலில்.

டாக்டரம்மா என் முகத்திலிருந்து கட்டை மெல்ல எடுத்தார். "இடது கையை எடுக்காதீங்க. இப்ப?"

"இப்பவும் அப்பிடியேதான் இருக்கு."

கோதை மேசை மேலிருந்த ஸ்டெதஸ்கோப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உங்க வலது கண்ணு எப்ப இருந்து இப்படி?"

"எப்பவுமே இப்பிடித்தான். எல்லாருக்கும் அப்பிடித்தான? ஒரு கை சோத்துக்கு, ஒரு கை மத்ததுக்கு இருக்கிற மாதிரி, ஒரு கண்ணு பாக்க, ஒரு கண்ணு அழகுக்கு."

டாக்டரம்மா முதன்முறையாகச் சிரித்தார். பிறகு என் கண்ணையும் அரை மணி நேரம் சோதித்தார். பிறர் கவனிக்க முடியாத அளவுக்குச் சிறிய மாறுகண், பிறந்ததிலிருந்தே. வலது கண்ணை என் மூளை எப்போதோ ஒதுக்கிவிட்டது. சின்ன வயதில் யாராவது இடது கண்ணைக் கட்டியிருந்தால் சரியாகியிருக்கலாம். இந்த வயதில் ஒன்றும் செய்வதற்கில்லை.

"டம்ளர்ல தண்ணி ஊத்தினா வெளிய போகுமா?" என்று கேட்டார்.

எனக்குள் அந்த லாரி மறுபடியும் இட்லிக் கடைக்குள் வந்துகொண்டிருந்தது. எல்லாப் பழியையும் கண்மேல் போட முடியாது. கோயம்புத்தூரில் பார்த்த ஒரு வேலை போனதற்குக் காரணம் என் வாய். ஆனால் அந்தக் குழாயும் டீயும் காலில் இருந்த சக்கரத்தால் அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.

வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். என் கண் போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இல்லாத ஒன்று இல்லை என்று தெரிந்ததில் என்ன இருக்கிறது? பிள்ளையின் மூன்று மாதம்தான் போயிற்று. இரண்டு வயதுக்குள் என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அப்போது ஒன்றேகால்.

கோமதி பக்கத்தில் வந்து நின்றாள். "தெரிஞ்சா செஞ்சீங்க?"

"இல்ல."

"பொறவு என்ன. எந்திரிங்க, பஸ் போயிரும்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டாள். "அப்ப, பொண்ணு பாக்க வந்தன்னைக்கு ஒரு கண்ணாலதான் பாத்தீகளா?"

"ஒரு கண்ணுக்கே நீ அம்புட்டு அழகாத் தெரிஞ்ச."

"ரெண்டு கண்ணும் தெரிஞ்சிருந்தா ஓடியிருப்பீக" என்றாள்.

செய்தி கேட்டு முருகன் இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மாமனார் வந்தார். பெட்டியிலிருந்து தன் பட்டாளத்துக் கரும்பச்சைத் தொப்பியை எடுத்து வந்திருந்தார். கெட்டியான கம்பளித் துணி. வருடத்துக்கு இரண்டு முறை வெயிலில் காயவைத்து உள்ளே வைப்பார், யாரையும் தொட விடமாட்டார். என் கண் முன்னால், அதாவது வேலை செய்கிற கண் முன்னால், கத்தரியை எடுத்து அதை வெட்டினார்.

"மாமா, அது..."

"சண்ட நேரத்துல எல்லையில பிளாக் அவுட்னா ஒரு தீக்குச்சி வெளிச்சம் வெளிய தெரியப்படாது மாப்ள. அப்ப டார்ச்ச மூடுன துணி இது."

தைத்து முடித்ததும் ஒரு பக்கம் டார்ச் அடித்து, மறுபக்கம் தன் கண்ணை வைத்துப் பார்த்தார். அடுத்து கோமதியைப் பார்க்கச் சொன்னார். என்னைக் கேட்கவில்லை.

அடுத்த நாள் எட்டு மணிச் சங்கு ஊதியதும் கட்டினேன். எங்கள் தங்கமான பிள்ளை தரையில் புரண்டு அழுதாள். கட்டைப் பிய்த்தாள். என் கையைக் கடித்தாள். சுவரில் மோதிக்கொண்டாள். அவளுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. மனதுக்குக் கஷ்டமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அழுதால்தான் கட்டு சரியான கட்டு.

நாலாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. தொப்பியில் மிச்சமிருந்த துணியில் எனக்கும் ஒரு கட்டுத் தைத்து, என் இடது கண்ணில் கட்டிக்கொண்டேன். இருவரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நடுவில் ஒரு தட்டில் பொரி. சிறிய பொருளைப் பொறுக்கவைத்தால் கண் வேகமாகப் பழகும் என்று நோட்டில் இருந்தது. அவள் இடது கண்ணோடும் நான் வலது கண்ணோடும் பொரி பொறுக்கத் தொடங்கினோம். தட்டு எனக்கு வெள்ளையாகத் தெரிந்தது, பொரியும் வெள்ளையாகத் தெரிந்தது. அவள் கை தட்டுக்கு வெளியே விழும். என் கை அவள் மடியில் விழும். அவள் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

மாமனார் ஒருநாள் கதவைத் திறந்து பார்த்து, "என்ன, ரெண்டு பேரும் காயம்பட்டு கேம்புக்குத் திரும்பியாச்சா?" என்றார். நான் குரல் வந்த பக்கம் வணக்கம் வைத்தேன். அவர் வேறு பக்கம் நின்றிருந்தார்.

அந்த நாட்களில், முன்பு நான் வேலை பார்த்த திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்காரர் ஆள் அனுப்பினார். மத்தியப் பிரதேசத்தில் எட்டு மாத வேலை. பழக்கதோஷத்தில் பையை எடுத்து இரண்டு சட்டையும் வைத்துவிட்டேன். எட்டு மணிச் சங்கு ஊதியது. கோதை தானாகவே வந்து என் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், கட்டுவதற்காக. வந்த ஆளிடம், "பன்னெண்டு மணிக்கு மேல வாங்க, பேசலாம்" என்றேன். அவர் வரவில்லை. நானும் தேடவில்லை.

நான் பொரி பொறுக்குவதில் கடைசிவரை முன்னேறவில்லை. அவள் முன்னேறினாள். இரண்டாவது மாதக் கடைசியில் ஒற்றைப் பொரியை இரண்டு விரலால் எடுத்து, தடுமாறாமல் என் வாய்க்குள் வைத்தாள். என் வாய் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவள் விரல் எங்கே வருகிறது என்று தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

அறுவை சிகிச்சை அவளுக்கு ஒன்றே முக்கால் வயதில் நடந்தது. கண்ணை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தைத்து, திரும்ப உள்ளே வைப்பார்கள் என்று முருகன் கேள்விப்பட்டு வந்திருந்தான். அப்படி இல்லை. கண் இருந்த இடத்திலேயே இருக்கும். கண்ணோடு ஒட்டியிருக்கும் தசையின் நுனியைப் பிரித்து, சற்றுப் பின்னால் தள்ளித் தைப்பார்கள். தசையின் இழுப்பு குறையும். அவ்வளவுதான்.

அதில் மிகக் கஷ்டமானது கத்தி அல்ல, பால். மயக்க மருந்துக்கு முன் பல மணி நேரம் ஒன்றும் கொடுக்கக் கூடாது. கோதை பால் கேட்டு நடைபாதை முழுவதையும் தன் பக்கம் திருப்பினாள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் என்னை மனசாட்சி இல்லாதவன் என்றார்கள். அவளை உள்ளே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியதும் சத்தம் நின்றது. அழுகை எவ்வளவோ தேவலை என்று அப்போது தோன்றியது.

மாமனார் கதவுக்குப் பக்கத்தில் நேராக நின்றுகொண்டார். செத்த நேரம் உட்காருங்கள் என்று கோமதி சொல்லியும் உட்காரவில்லை. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதுரையில் மில் சங்கு கேட்காது. சங்கு இல்லாமல் நேரம் போகிறதா நிற்கிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வெளியே கொண்டுவந்தபோது கண்ணீரில் ரத்தம் கலந்து வந்தது. முதல் நாள் அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். இம்முறை அதை எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லியிருந்தேன், முழுதாக.

மயக்கம் தெளிந்து அவள் கண் திறந்தபோது நானும் முருகனும் கட்டிலுக்கு முன்னால் அரை முழ இடைவெளியில் நின்றோம். சிவந்த இரண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்பின.

"இப்பச் சந்தேகமே இல்ல மச்சான்" என்றான் முருகன். "ஒங்களத்தான் மொறைக்கா."

அதற்குப் பிறகும் கட்டு இருந்தது, சங்கும் இருந்தது. களைத்துப்போனால் இன்றும் இடது கண் லேசாக உள்ளே நழுவும். முருகனின் தறிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அதிர்ஷ்டம் போனதாகத் தெரியவில்லை.

நான் இப்போது தண்ணீர் ஊற்றும்போது செம்பின் மூக்கை டம்ளரின் விளிம்பில் தொட்டுவைத்துத்தான் ஊற்றுகிறேன். படி இறங்கும்போது காலால் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். முன்பு பதற்றத்தில் கொட்டியதெல்லாம் இப்போது நிதானத்தில் கொட்டுவதில்லை. எட்டு மணிச் சங்கு கேட்டால் கை தானாக நாடாவைத் தேடும்.

கோதைக்கு நாலு வயதானபோது டாக்டரம்மா ஒரு சோதனை வைத்தார். கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, ஒரு பெரிய ஈயின் படத்தைக் காட்டினார். "இந்த ஈயோட றெக்கையைப் பிடி பார்ப்போம்."

இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கிறவர்களுக்கு அந்த ஈ தாளுக்கு மேலே எழுந்து நிற்குமாம். ஒரு கண்ணால் பார்க்கிறவர்களுக்கு அது வெறும் படம். கோதை முதலில் பின்வாங்கினாள். பிறகு கையை நீட்டினாள். அவள் விரல்கள் தாளைத் தொடவில்லை. தாளுக்கு மேலே, ஒன்றுமில்லாத காற்றில், எதையோ கவனமாகக் கிள்ளின.

"பிடிச்சிட்டா" என்றார் டாக்டரம்மா. "முழுப் பார்வைன்னு சொல்ல மாட்டேன். கொஞ்சம் இருக்கு. இருக்கு."

கோமதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நான் கண்ணாடியை வாங்கி மாட்டிப் பார்த்தேன். தாளில் ஒட்டிய ஈ.

"ஈ எங்கனம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

கோதை என் வலது கையைப் பிடித்து மேலே தூக்கினாள். "இங்கன இல்லப்பா. இன்னும் மேல. ஆங், அதான். பிடி." பிடித்தேன். "விட்ராத, பறந்துரும்."

பஸ் நிலையம் வரை அந்த இரண்டு விரலையும் பிரிக்காமலே வந்தேன். ஏறி உட்கார்ந்ததும் இடது கையால் டிக்கெட்டுக்குக் காசை நீட்டினேன். நடத்துநர் முகம் சுளித்தார்.

"என்னய்யா இது, பீச்சாங்கையில நீட்டுத? சோத்துக் கைக்கு என்னாச்சு?"

"அதுல ஈ இருக்கு" என்றாள் கோதை.